கோர், த்ரெட், ஃபிளாப்ஸ்: இணைக் கணிமையில் நழுவும் சொற்கள்

ஒரு கணினியின் விவரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிராசஸர் வரியில் 8 கோர் என்றிருக்கும். கிராபிக்ஸ் கார்டு வரியில் 8704 கோர் என்றிருக்கும். அப்படியானால் கார்டு ஆயிரம் மடங்கு பெரிய இயந்திரமா? இல்லை. இரண்டு வரிகளும் வேறு வேறு பொருள்களை எண்ணிவிட்டு ஒரே பெயரை எழுதியிருக்கின்றன.

ஒரே வேலையைப் பல கணக்கீட்டு அலகுகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் செய்வதுதான் இணைக் கணிமை. இந்தத் துறையில் கோர், த்ரெட், வேகமேற்றம் போன்ற சொற்களை எல்லோரும் தெரிந்த சொற்கள்போலப் பயன்படுத்துகிறோம். ஆனால் எதோடு ஒப்பிட்டு, எந்த அடுக்கில் நின்று, யாருக்கு என்ன உறுதி கொடுத்து என்று சொல்லாதவரை இவற்றில் பலவற்றுக்கு நிலையான பொருள் கிடையாது. அதனால் பணம் வீணாகிறது, நிரல்கள் தவறுகின்றன, சட்டங்கள்கூடத் தெளிவிழக்கின்றன.

கோர்: எதை எண்ணுகிறோம்?

பிராசஸர் உலகில் கோர் என்பது தானாக இயங்கக்கூடிய அலகு. நினைவகத்திலிருந்து கட்டளையை எடுக்கும், அதைப் புரிந்துகொள்ளும், நிறைவேற்றும், அடுத்த கட்டளை எங்கே என்பதைத் தானே கணக்கில் வைத்திருக்கும்.

கிராபிக்ஸ் சிப்புகளை உருவாக்கும் என்விடியா நிறுவனத்தின் 'கூடா கோர்' இவற்றில் பெரும்பாலானதைச் செய்வதில்லை. அது ஒரு சுழற்சியில் (சிப்பின் கடிகாரத் துடிப்பு ஒன்றில்) ஒரு 32 பிட் தசமக் (புள்ளி வைத்த எண்) கணக்கைச் செய்யும் எண்கணித அலகு, அவ்வளவுதான். கட்டளையை எடுத்து, பிரித்து, யார் எப்போது ஓடுவது என்று முடிவு செய்வது அதற்கு மேலே இருக்கும் 'ஸ்ட்ரீமிங் மல்டிபிராசஸர்' என்ற அலகு. பிராசஸர் கோருக்கு நெருங்கிய சொந்தம் இதுதான். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டில் இவை 68. ஒவ்வொன்றிலும் 128 எண்கணித அலகுகள். பெருக்கினால் 8704.

இதைத் திருப்பியும் போடலாம். ஒரே கட்டளையால் பல எண்களைக் கையாளும் 512 பிட் வெக்டர் அலகு இரண்டு உள்ள ஒரு பிராசஸர் கோர், ஒரே சுழற்சியில் 32 தசம எண்கள்மீது வேலை செய்யும். கிராபிக்ஸ் கார்டின் அளவுகோலால் அளந்தால் அப்படிப்பட்ட 8 கோர் சிப்பில் 256 கோர். ஆக, உண்மையான ஒப்பீடு 8-க்கு 68, அல்லது 256-க்கு 8704. வித்தியாசம் இன்னும் பெரிதுதான். ஆனால் ஆயிரம் மடங்கு என்ற எண் காணாமல் போய்விடுகிறது.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் இந்த எண் நிலையாக இல்லை. 2018-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டிலும் மல்டிபிராசஸர்கள் 68-தான். அப்போது ஒவ்வொன்றிலும் 64 என்று கணக்கிட்டு 4352 கோர் என்றார்கள். 2020-ல் முழு எண் கணக்குக்கு மட்டும் இருந்த பாதையைத் தசமக் கணக்கும் செய்யும்படி மாற்றினார்கள். அந்தப் பாதையும் எண்ணிக்கையில் சேர்ந்தது, கோர் இரட்டிப்பானது. முழு எண் வேலை வரும்போது அந்தப் பாதை அதற்குத்தான் போகும் என்பதால், விளையாட்டுகளின் வேகம் இரண்டு மடங்கு ஏறவில்லை. முன்னேற்றம் உண்மையானது. எண்ணிக்கை அதைவிட வேகமாக வளர்ந்தது.

இந்தச் சொல் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஏஎம்டி 2011-ல் 'புல்டோசர்' வடிவமைப்பில் 8 கோர் சிப்புகளை விற்றது. அவற்றில் இரண்டிரண்டு கோர்கள் ஒரு ஜோடியாக இருந்தன. முழு எண் கணக்குக்கு ஒவ்வொரு கோருக்கும் தனி அலகு உண்டு; தசமக் கணக்கு அலகும் கட்டளை எடுக்கும் பகுதியும் ஜோடிக்கு ஒன்று. இது 8 கோரா, 4 கோரா? வாங்கியவர்கள் 2015-ல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2019-ல் நிறுவனம் 1 கோடியே 21 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசமானது. சமரசம் என்பதால் கோர் என்றால் என்ன என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேயில்லை. அப்படி ஒரு தீர்ப்பு வந்திருந்தாலும் அடுத்த வடிவமைப்பு அதைத் தாண்டிப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், ஹைப்பர்த்ரெடிங். இன்டெல் 2002-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே கோர் இரண்டு கட்டளைத் தொடர்களை ஏந்திக்கொள்ளும். ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் மற்றொன்று ஓடும். இயங்குதளம் இதை இரண்டு பிராசஸர் என்று காட்டும். கிளவுடில் வாடகைக்கு விடப்படும் 'விசிபியு' (மெய்நிகர் பிராசஸர்) இங்கிருந்து வருகிறது. அமேசான் கிளவுடில் இன்டெல் இயந்திரங்களில் ஒரு விசிபியு என்பது பொதுவாக அரைக் கோர், அதாவது ஒரு ஹைப்பர்த்ரெட். அதே கிளவுடில் அமேசானின் சொந்தச் சிப்பான கிராவிட்டான் உள்ள இயந்திரங்களில் ஒரு விசிபியு முழுக் கோர். 16 விசிபியு என்ற ஒரே வரி ஓரிடத்தில் 8 கோரையும் இன்னோரிடத்தில் 16 கோரையும் குறிக்கிறது. கோர் கணக்கில் உரிமக் கட்டணம் வாங்கும் டேட்டாபேஸ் மென்பொருளை அதன்மேல் ஓட்டுபவருக்கு இது நேரடிப் பணக் கேள்வி.

ஏன் நழுவுகின்றன?

1. அடியில் இருக்கும் வன்பொருள் மாறியது, சொல் மாறவில்லை. ஒரு சிப், ஒரு கோர், ஒரு கட்டளைத் தொடர் என்று இருந்த காலத்தில் பிராசஸர் என்ற ஒரு சொல் மூன்றுக்கும் போதுமானதாக இருந்தது. 2005 வாக்கில் இரட்டைக் கோர் சிப்புகள் மேசைக் கணினிக்கு வந்தபோது அந்த மூன்றும் பிரிந்தன. சொல் எந்தப் பக்கம் போவது என்று யாரும் தீர்மானிக்கவில்லை.

2. துறை ஒன்றாக வளரவில்லை. சூப்பர்கம்ப்யூட்டர் ஆட்கள், இயங்குதள ஆட்கள், டேட்டாபேஸ் ஆட்கள், கிராபிக்ஸ் ஆட்கள் என்று நாலு கூட்டம் தனித்தனியே இதே சிக்கல்களைச் சந்தித்துத் தனித்தனியே பெயர் வைத்தது.

3. பெரிய எண் விற்கும். இரண்டு விதமாக எண்ணலாம் என்றால், பெரிதாக வரும் விதத்தைத்தான் விளம்பரம் தேர்ந்தெடுக்கும்.

த்ரெட்: மூன்று அடுக்கு, ஒரு பெயர்

இயங்குதளத்தில் த்ரெட் என்பது ஒரு நிரலுக்குள் ஓடும் தனிக் கட்டளைத் தொடர். அதற்கென்று ஸ்டாக் (தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதி) உண்டு. எப்போது ஓடுவது என்று இயங்குதளம் முடிவு செய்யும். வன்பொருளில் த்ரெட் என்பது அப்படிப்பட்ட தொடரை ஏந்த ஒரு கோரில் இருக்கும் இடம். 'இந்த சிப் 16 த்ரெட்' என்றால் 16 இடம் இருக்கிறது என்று பொருள். நிரலில் ஆயிரம் த்ரெட் இருந்தாலும் ஒரு கணத்தில் 16 மட்டுமே ஓடும்.

கிராபிக்ஸ் கார்டின் த்ரெட் இந்த இரண்டிலும் சேராது. 32 த்ரெட்கள் ஒரு 'வார்ப்' என்ற கூட்டமாகச் சேர்ந்து ஒரே கட்டளையை வேறு வேறு தரவின்மேல் செய்கின்றன. அந்த 32-ல் பாதி 'ஆம்' கிளைக்கும் மீதி 'இல்லை' கிளைக்கும் போனால், முதலில் ஒரு பாதி ஓடும், பிறகு மறு பாதி ஓடும். 2017-ல் என்விடியாவின் வோல்டா வடிவமைப்பு வரும்வரை அந்த 32-க்கும் சேர்த்து, அடுத்த கட்டளை எது என்று காட்டும் சுட்டி ஒன்றுதான் இருந்தது. எனவே சாதாரண நிரலில் சரியாக ஓடும் ஒரு பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு), ஒரே வார்ப்பின் த்ரெட்களுக்கிடையே போடப்பட்டால் அப்படியே உறைந்துவிடலாம்: பூட்டைப் பிடித்த த்ரெட் அதை விடுவிக்கும் இடத்துக்கு நகர முடியாது, ஏனென்றால் மற்ற 31-ம் பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். த்ரெட் என்ற பெயரை நம்பி எழுதியவருக்கு இது புரியாத புதிர்.

இதே இடத்தில் இன்னொரு பொறி. கிராபிக்ஸ் கார்டுகளுக்கு எழுத கூடா, ஓப்பன்சிஎல் என்று இரண்டு வழிகள் பரவலாக உண்டு. இரண்டிலும் 'லோக்கல் மெமரி' என்ற சொல் இருக்கிறது. ஓப்பன்சிஎல்லில் அது ஒரு குழு த்ரெட்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம். பெரும்பாலான கார்டுகளில் சிப்புக்குள்ளேயே இருக்கும், மிக வேகமானது. இதையே கூடா 'ஷேர்டு மெமரி' என்கிறது. கூடாவின் லோக்கல் மெமரி ஒரு த்ரெட்டுக்கு மட்டும் சொந்தமானது. சிப்புக்குள் இருக்கும் அதிவேகச் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்கள் போதாதபோது தரவு வழிந்து போகும் இடம், சிப்புக்கு வெளியே இருக்கும் மெதுவான நினைவகத்தில். ஓரிடத்தில் தேடிப்போக வேண்டியது, மற்றொன்றில் தவிர்க்க வேண்டியது.

பைத்தான் பற்றிய செய்திகளில் வரும் குழப்பமும் த்ரெட் சார்ந்ததுதான். பைத்தானில் த்ரெட்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆனால் வழக்கமான பைத்தானில் ஒரு பொதுப் பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் கட்டளைகளை ஓட்டும். நெட்வொர்க் பதிலுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு அது போதும். கனமான கணக்குக்குப் பயனில்லை. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் அந்தப் பூட்டு இல்லாத வடிவம் சோதனையாக வந்தது. 2025-ல் வந்த 3.14-ல் அது அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது, ஆனால் இன்னும் விருப்பத் தேர்வுதான்.

இங்கே கன்கரன்சி, பேரலலிசம் என்ற ஜோடியையும் சொல்லிவிடலாம். பல வேலைகள் ஒரே காலகட்டத்தில் முடியாமல் நடந்துகொண்டிருப்பது கன்கரன்சி. ஒரே கணத்தில் உண்மையாகவே பல கணக்குகள் நடப்பது பேரலலிசம். 1960-களின் கணினிகளில் ஒரே பிராசஸரைப் பலர் பகிர்ந்துகொண்டது முதலாவது. ஒற்றைத் த்ரெட் நிரலில் ஒரு வெக்டர் கட்டளை 16 எண்களை ஒன்றாகக் கூட்டுவது இரண்டாவது. ஒன்று இல்லாமல் மற்றொன்று இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

உறுதி தரும் சொற்கள்

எண்ணிக்கைச் சொற்கள் நழுவினால் பணம் போகும். உறுதி தரும் சொற்கள் நழுவினால் நிரல் தவறும், அதுவும் எப்போதாவது மட்டும் தவறும். என் பார்வையில் இதுதான் அதிக ஆபத்து.

1. பிளாக்கிங். சூப்பர்கம்ப்யூட்டர்களில் செய்தி அனுப்பப் பயன்படும் எம்பிஐ தரத்தில், சாதாரண அனுப்பும் கட்டளையை பிளாக்கிங் என்கிறார்கள். எதிராளிக்குச் செய்தி போய்ச் சேரும்வரை நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தரம் தரும் உறுதி வேறு: கட்டளை திரும்பிய பிறகு அனுப்பியவர் தன் நினைவகப் பகுதியை மறுபடி பயன்படுத்தலாம், அவ்வளவே. சிறிய செய்தியை இடையில் நகலெடுத்துக்கொண்டு உடனே திரும்பலாம். பெரிய செய்திக்கு எதிராளி வாங்கும்வரை காத்திருக்கலாம். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு வாங்கும்படி எழுதிய நிரல், சின்னத் தரவில் சோதிக்கும்போது ஓடிவிட்டு உண்மையான தரவில் உறைவது இதனால்தான்.

2. வாலடைல். ஜாவாவில் 2004-ல் ஜாவா 5 வந்ததிலிருந்து, இப்படிக் குறித்த மாறியில் எழுதியது அதைப் படிக்கும் மற்ற த்ரெட்டுக்குச் சரியான வரிசையில் தெரியும் என்ற உறுதி உண்டு. சி, சி++ மொழிகளில் அதே சொல்லுக்கு த்ரெட்களோடு சம்பந்தமே இல்லை. வன்பொருள் பதிவேடுகளைப் படிக்கும்போது கம்பைலர் அந்தப் படிப்பை நீக்கிவிடாமல் இருக்க வந்த குறி அது. ஜாவாவிலிருந்து வருபவர் இதை நம்பி எழுதினால் அவர் கணினியில் ஓடும், வேறு வகை பிராசஸரில் உடையும்.

3. லாக்-ஃப்ரீ. பூட்டு என்ற கட்டளை நிரலில் இல்லாவிட்டால் லாக்-ஃப்ரீ என்று பலர் சொல்கிறார்கள். முறையான பொருள் ஒரு முன்னேற்ற உறுதி: எந்த த்ரெட் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டாலும், மொத்த அமைப்பில் யாராவது ஒருவர் முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கொடியை மாற்றிவிட்டு மற்றவர்களைச் சுற்றவைக்கும் நிரலில் பூட்டுக் கட்டளை இல்லைதான். ஆனால் கொடியைப் பிடித்தவர் நின்றால் எல்லோரும் நிற்பார்கள்.

4. டேட்டா ரேஸ், ரேஸ் கண்டிஷன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

டேட்டா ரேஸ் என்பது வரையறைக்குள் அடங்கும் சொல். இரண்டு த்ரெட்கள் ஒரே நினைவக இடத்தைத் தொடுகின்றன, அதில் ஒன்றாவது எழுதுகிறது, இரண்டுக்கும் இடையே வரிசைப்படுத்தும் ஏற்பாடு இல்லை, அணுச் செயலாகவும் (இடையில் வேறு யாரும் புக முடியாத ஒரே செயலாகவும்) இல்லை. சி++11 முதல் இப்படி ஒன்று இருந்தால் அந்த நிரலின் நடத்தைக்கு மொழி எந்தப் பொறுப்பும் ஏற்காது. ரேஸ் கண்டிஷன் அதைவிட அகலமானது: விளைவு சரியா தவறா என்பது யார் முந்தினார்கள் என்பதைப் பொறுத்து மாறும் எந்த நிலையும் அதில் அடங்கும்.

ஒரு கணக்கில் இருப்பு 1000. இரண்டு த்ரெட்கள் தலா 800 எடுக்க வருகின்றன. ஒவ்வொன்றும் முதலில் இருப்பைப் படிக்கிறது, போதுமென்று பார்க்கிறது, பிறகு கழிக்கிறது. படிப்பதும் கழிப்பதும் தனித்தனியே அணுச் செயல்கள். டேட்டா ரேஸ் துளியும் இல்லை. ஆனால் இரண்டும் 1000-ஐப் பார்த்துவிட்டு இரண்டும் கழித்தால் இருப்பு -600. த்ரெட்சானிடைசர் போன்ற கருவிகள் தேடுவது டேட்டா ரேஸை. இந்தத் தவறு அதன் கண்ணில் படாது. ரஸ்ட் மொழி தன் பாதுகாப்பான பகுதியில் தடுப்பதும் டேட்டா ரேஸைத்தான். 'ரஸ்டில் ரேஸே வராது' என்று பேசும்போது இந்த எல்லை மறைந்துபோகிறது. ரஸ்ட் தருவது பெரிய பாதுகாப்பு. தராததையும் தருவதாகச் சொன்னால், மேலே சொன்ன வகைப் பிழையைத் தேடவேண்டிய ஆள் தேடாமல் விட்டுவிடுவார்.

இந்த வகைப் பிழைகள் என்ன செய்யும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கையும் கனடாவின் ஒன்டாரியோவையும் இருளில் ஆழ்த்திய மின்வெட்டு ஒரு சான்று. சுமார் 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒஹையோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது அதற்கு ஒரு காரணம். உள்ளே இருந்தது ஒரு ரேஸ் கண்டிஷன் என்று பின்னர் கண்டுபிடித்தார்கள்.

வேகமேற்றம்: ஒரே 5 சதவீதம், இரண்டு விடை

ஒரு பிராசஸரில் ஆகும் நேரத்தைப் பல பிராசஸர்களில் ஆகும் நேரத்தால் வகுத்தால் வருவது வேகமேற்றம். எளிமையான வகுத்தல். ஆனால் மேலே இருக்கும் எண் எது? அதே இணை நிரலை ஒரு பிராசஸரில் ஓட்டிய நேரமா, அந்த வேலைக்கு இருப்பதிலேயே சிறந்த ஒற்றை நிரலின் நேரமா? முதலாவது பெரும்பாலும் மெதுவானது, எனவே விகிதம் பெரிதாகத் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டு 100 மடங்கு வேகம் என்ற கூற்றுகள் பரவியபோது, 2010-ல் இன்டெல் ஆய்வாளர்கள் 14 வகைக் கணக்குகளை எடுத்து, பிராசஸருக்கான நிரலையும் நன்றாகச் செதுக்கி ஒப்பிட்டார்கள். சராசரி வித்தியாசம் 2.5 மடங்கு. இன்டெல்லுக்கு இதில் சொந்த ஆதாயம் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும் 100-ம் 2.5-ம் ஒரே சொல்லுக்குக் கீழே வந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்தது அம்டால், குஸ்தாஃப்சன் என்ற இரண்டு கணினி அறிஞர்களின் சூத்திரங்கள். ஜீன் அம்டால் 1967-ல் சொன்னது: நிரலில் பிரிக்கவே முடியாத பகுதி 5 சதவீதம் என்றால், எத்தனை பிராசஸர் போட்டாலும் 20 மடங்குக்குமேல் வேகம் ஏறாது. 100 பிராசஸருக்கு 16.8 மடங்கு. ஜான் குஸ்தாஃப்சன் 1988-ல் சாண்டியா ஆய்வகத்தின் 1024 பிராசஸர் இயந்திரத்தில் ஆயிரத்துக்கு மேல் வேகமேற்றம் கிடைத்ததைக் காட்டி, வேறொரு சூத்திரம் தந்தார். அதில் 5 சதவீதம், 100 பிராசஸர் என்று போட்டால் 95 மடங்கு வரும்.

யார் சொன்னது சரி? இருவருமே. 5 சதவீதம் என்ற எண்தான் இரண்டு. அம்டாலின் சதவீதம் ஒரு பிராசஸரில் ஆகும் நேரத்தில் கணக்கிட்டது. குஸ்தாஃப்சனுடையது இணையாக ஓடும்போது ஆகும் நேரத்தில் கணக்கிட்டது. 100 பிராசஸரில் 100 நிமிடம் ஓடிய நிரலில் 5 நிமிடம் பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்வோம். அதே வேலையை ஒரு பிராசஸரில் ஓட்டினால் 5 நிமிடத்தோடு 95-ன் நூறு மடங்கு சேர்ந்து 9505 நிமிடம் ஆகும். அந்த 5 நிமிடம் இப்போது வெறும் 0.053 சதவீதம். இதை அம்டாலின் சூத்திரத்தில் போடுங்கள். அங்கேயும் 95 மடங்குதான் வரும்.

சூத்திரங்களுக்குள் முரண் இல்லை. வேறுபடுவது கேள்வி. வேலையின் அளவை மாற்றாமல் சீக்கிரம் முடிக்க வேண்டுமா, அதே நேரத்துக்குள் பெரிய வேலையை முடிக்க வேண்டுமா? முதலாவதை ஸ்ட்ராங் ஸ்கேலிங் என்றும் இரண்டாவதை வீக் ஸ்கேலிங் என்றும் சொல்கிறார்கள். நாளைய வானிலையை இன்றே கணிக்க வேண்டியவருக்கு முதலாவது முக்கியம். இன்னும் நுணுக்கமான கட்டங்களாகப் பிரித்துக் கணிக்க விரும்புபவருக்கு இரண்டாவது. எது என்று சொல்லாமல் '90 சதவீதத் திறனோடு வளர்கிறது' என்று எழுதிய அறிக்கையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

எக்ஸாஃபிளாப்: எத்தனை பிட்?

ஒரு நொடிக்கு எத்தனை தசமக் கணக்கு என்பது ஃபிளாப்ஸ். நொடிக்கு 10-ன் 18-ஆம் அடுக்கு என்றால் எக்ஸாஃபிளாப். 2022 மே மாதம் ஃபிரான்டியர் என்ற அமெரிக்க சூப்பர்கம்ப்யூட்டர் 1.102 எக்ஸாஃபிளாப் காட்டி, உலகின் வேகமான 500 சூப்பர்கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியல் கேட்பது 64 பிட் துல்லியத்தில் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியை உண்மையாகத் தீர்த்துக் காட்டுவதை.

செயற்கை நுண்ணறிவுச் செய்திகளில் வரும் எக்ஸாஃபிளாப் பெரும்பாலும் 16, 8, சில நேரம் 4 பிட் கணக்குகள், அதுவும் தாளில் போட்ட உச்ச வேகம். என்விடியா எச்100 சிப்பின் விவரப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். 64 பிட்டில் உச்சம் 67 டெராஃபிளாப் (டெரா என்றால் 10-ன் 12-ஆம் அடுக்கு). 8 பிட்டில் 3958. இந்த 3958-ம் நான்கு எண்களில் இரண்டு பூச்சியமாக இருந்தால் அவற்றைத் தவிர்க்கும் வசதியோடு சேர்த்தது. அது இல்லாவிட்டால் பாதி. டாப்500 கேட்கும் துல்லியத்தில் உச்ச அளவில் ஓர் எக்ஸாஃபிளாப் எட்ட இந்தச் சிப்புகள் சுமார் 15,000 வேண்டும். 8 பிட் கணக்கில் அதே சொல்லை எட்ட சுமார் 253 போதும். நியூரல் நெட்வொர்க்குகளுக்கு 8 பிட் பல இடங்களில் போதும் என்பதால் அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஃபிரான்டியரோடு அதை ஒரே வரிசையில் வைத்து எழுதும் செய்தி வாசகரைத் தவறான இடத்துக்குத்தான் கொண்டுபோகும்.

இன்னொரு நழுவல், வேகத்துக்கும் மொத்தத்துக்கும் இடையே. நொடிக்கு எத்தனை என்பதற்கும், ஒரு வேலைக்கு மொத்தம் எத்தனை கணக்கு என்பதற்கும் ஏறத்தாழ ஒரே சுருக்கப் பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது, இரண்டாவதைப் பயன்படுத்துகிறது: ஒரு பொதுப் பயன்பாட்டு மாடலைப் பயிற்றுவிக்க 10-ன் 25-ஆம் அடுக்குக்குமேல் தசமக் கணக்குகள் ஆகியிருந்தால், அது பெரிய அளவிலான இடர் கொண்டது என்று கருதப்படும், கூடுதல் கடமைகள் வரும். அந்தச் சட்டம் தசமக் கணக்கு என்றால் என்ன என்று வரையறுக்கிறது, ஆனால் எத்தனை பிட் என்று சொல்லவில்லை. எனவே 8 பிட்டில் செய்த ஒரு பெருக்கலும் 64 பிட்டில் செய்த ஒரு பெருக்கலும் அங்கே ஒன்றுதான். மேலே பார்த்த சிப்பில் இவ்விரண்டுக்கும் இடையே உச்ச வேக வித்தியாசம் ஏறத்தாழ 59 மடங்கு. பயிற்சி இன்னும் குறைந்த பிட்டுகளுக்கு நகர நகர, அதே எல்லையை அதே வகைச் சிப்பில் குறைந்த நேரத்திலும் குறைந்த மின்சாரத்திலும் எட்டிவிட முடியும். எல்லையைத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டம் ஐரோப்பிய ஆணையத்திடம் விட்டிருக்கிறது.